எட்டு விளக்கும் எரிஞ்சது, நெட் மட்டும் நின்னது: வீட்டு லேன் கேபிளில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஏஐ இல்ல, ஸ்டார்ட்டப் இல்ல, சம்பள உயர்வு பேசுறது எப்படின்னும் இல்ல. இன்னைக்கு ஒரு ஒயர். உங்க வீட்டு ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு வர்ற அந்த நீல நிற, இல்லன்னா சாம்பல் நிற லேன் கேபிள்.

"கேபிள்ல பேச என்னடா இருக்கு?"ன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் கேட்டேன். அந்தத் திமிரால எங்க அக்காவோட வேலை போகப் பார்த்தது. அதனால இந்த எபிசோட் பாதி பாடம், பாதி பாவமன்னிப்பு.

அக்கா போட்ட போன்

அக்கா கோயம்புத்தூர்ல இருக்கா. மெடிக்கல் கோடிங் வேலை, வீட்ல இருந்தே. ரெண்டு வயசுக் குழந்தை. வேலை முழுக்க விபிஎன் வழியாத்தான் ஓடும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அந்த விபிஎன் அறுந்து போகும். திரும்ப லாகின் பண்ணி, ஓடிபி போட்டு, திறந்து வெச்சிருந்த ஃபைலை மறுபடி எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் காலி.

ஒரு நாள் ராத்திரி போன் பண்ணா. "டேய், இந்த மாசக் கடைசிக்குள்ள நெட் சரியாகலைன்னா ஆபீஸுக்கே வந்துடுங்கன்னு டீம் லீட் சொல்லிட்டாங்க. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பாப்பாவை யார்ட்ட விட்டுட்டுப் போறது? அத்தைக்கு முட்டி வலி. நான் வேலையை விட வேண்டியதுதான்."

நெட் கம்பெனிக்கு ஏற்கெனவே மூணு தடவை புகார் கொடுத்திருந்தா. மூணு தடவையும் ஒரு அண்ணா வந்தார், கீழே ஹால்ல ரவுட்டர் பக்கத்துல நின்னு ஸ்பீடு பார்த்தார், 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு 200 வருதுன்னு காட்டிட்டுப் போயிட்டார். மூணாவது தடவை அவரே என்கிட்ட போன்ல பேசினார். "சார், எங்க பாக்ஸ் வரைக்கும் லைன் சுத்தமா இருக்கு. மாடிக்குப் போற கேபிளைக் கொஞ்சம் பாருங்க."

நான் சொன்ன பதில் இது: "அண்ணா, கேபிள்னா ஒண்ணு வேலை செய்யும், இல்ல செய்யாது. நடுவுல ஒரு நிலை கிடையாது. நீங்க உங்க லைனைப் பாருங்க."

இன்ஜினியரிங் டிகிரி பேசுது. அதோட நிறுத்தல. அக்காவை 3,200 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்க வெச்சேன். ஒண்ணும் மாறல. அப்புறம்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன்.

முதல் கேள்வி: உள்ளேயா, வெளியேயா?

"நெட் போச்சு"ன்னு நாம சொல்றது உண்மையில ரெண்டு வேற வேற விஷயம். தெருவுல இருந்து வர்ற ஃபைபர், சுவத்துல மாட்டியிருக்கிற ஃபைபர் பாக்ஸ் வரைக்கும் கம்பெனியோட பொறுப்பு. ரவுட்டர்ல இருந்து உங்க லேப்டாப் வரைக்கும் உங்க பொறுப்பு. எந்தப் பக்கம் அறுந்திருக்குன்னு தெரியாம எதையும் மாத்தக் கூடாது. நான் அதைத்தான் செஞ்சேன், 3,200 ரூபாய் போச்சு.

ஃபைபர் பாக்ஸ்ல ரெண்டு விளக்கு முக்கியம். 'பான்'னு போட்டிருக்கிறது பச்சையா நிலையா எரியணும். 'லாஸ்'னு போட்டிருக்கிறது சிவப்பா எரிஞ்சா, வெளிய இருந்து ஒளியே வரலைன்னு அர்த்தம். அப்ப கஸ்டமர் கேர்தான், உங்க கையில ஒண்ணும் இல்ல. ஃபைபரை மட்டும் நீங்களா கழட்டி அதோட முனையைக் கண்ணுல பார்க்காதீங்க. அதுல வர்ற லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைப் பாதிக்கும்.

விளக்கு சரியா இருந்தா அடுத்தது பிங். விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்'னு அடிங்க. 'டீஃபால்ட் கேட்வே'ன்னு ஒரு எண் வரும். பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1. அதுதான் உங்க ரவுட்டர்.

அதே இடத்துல உங்க லேப்டாப்போட ஐபி 169.254-னு ஆரம்பிச்சா, லேப்டாப் முகவரி கேட்டும் ரவுட்டர் பதில் சொல்லல, அதனால அதுவே ஒரு முகவரியை வெச்சுக்கிச்சுன்னு அர்த்தம். கேபிளையோ ரவுட்டரையோ சந்தேகப்படலாம்.

இப்ப ரெண்டு விண்டோ திறங்க. ஒண்ணுல ரவுட்டருக்கு பிங், இன்னொண்ணுல வெளிய இருக்கிற 8.8.8.8-க்கு பிங். கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு சின்னக் கோடும் டி-யும் போட்டா, நீங்க நிறுத்துற வரைக்கும் செகண்டுக்கு ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும். பத்து நிமிஷம் விடுங்க. 600 பிங்.

ரவுட்டருக்கு எல்லாம் சரியா வருது, 8.8.8.8-க்கு மட்டும் விட்டு விட்டு வருதுன்னா கோளாறு பெரும்பாலும் வெளிய. ரவுட்டருக்கே விட்டுப் போகுதுன்னா கோளாறு வீட்டுக்குள்ள.

இதுல ஒண்ணை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. வைஃபைல ஒண்ணு ரெண்டு தொலைஞ்சா பெரிய விஷயம் இல்ல. கேபிள்ல, அதுவும் வீட்டுக்குள்ள, 600 போனா 600-ம் திரும்பணும். நேரமும் 1 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்.

அக்கா ரூம்ல இருந்து ரவுட்டருக்கு பத்து நிமிஷம் விட்டேன். 600-ல 11 தொலைஞ்சது. அதுல நாலு தொடர்ச்சியா. அதாவது நாலு செகண்ட் ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல தொடர்பே இல்ல. யூட்யூப் பார்க்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் இறங்கி இருக்கும். ஃபைல் டவுன்லோடுலயும் தெரியாது, தொலைஞ்சதை கம்ப்யூட்டரே மறுபடி கேட்டு வாங்கிக்கும். விபிஎன்னும் வீடியோ காலும்தான் அந்த நாலு செகண்டை மன்னிக்காது.

அந்த அண்ணா சொன்னது சரி. கோளாறு எங்க பக்கம்தான்.

94-ல நிக்குதா? அது உங்க பிளான் இல்ல

அடுத்து லிங்க் ஸ்பீடு. இது இன்டர்நெட் ஸ்பீடு இல்ல. லேப்டாப்பும் ரவுட்டரும் கேபிள் வழியா கை குலுக்கும்போது "நாம எவ்வளவு வேகத்துல பேசலாம்?"னு முடிவு பண்ணிக்கிற எண். விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈத்தர்நெட் போனா லிங்க் ஸ்பீடு தெரியும். லினக்ஸ்ல 'ஈத்டூல்'. இப்ப வர்ற பெரும்பாலான லேப்டாப், ரவுட்டர்ல அது 1000 காட்டணும்.

அக்கா லேப்டாப்ல 100.

ஏன் இது முக்கியம்? லேன் கேபிளுக்குள்ள எட்டு ஒயர் இருக்கு, நாலு ஜோடியா. 100 எம்பிபிஎஸ் ஓட ரெண்டு ஜோடி போதும்: 1, 2 பின்கள் ஒரு ஜோடி, 3, 6 பின்கள் ஒரு ஜோடி. 1000 ஓட நாலு ஜோடியும் வேணும். ரெண்டு பக்கமும் 1000 பேசத் தெரிஞ்ச மெஷினா இருந்தும் 100-ல நிக்குதுன்னா, நடுவுல ஏதோ ஒரு ஜோடி சரியில்லன்னு சந்தேகப்படணும். பல நெட்வொர்க் சிப்கள் 1000-க்கு முயற்சி பண்ணும், முடியலைன்னா சத்தம் போடாம 100-க்கு இறங்கிக்கும். எரர் மெசேஜ் எதுவும் வராது.

இதுக்கு ஒரு ஷார்ட்கட்டும் இருக்கு. 200, 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியிருக்கீங்க, ஆனா கேபிள் போட்டு ஸ்பீடு டெஸ்ட் பண்ணா எப்பவும் 92, 94-ன்னே நிக்குதுன்னா கஸ்டமர் கேர்கிட்ட சண்டை போடாதீங்க. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல, தகவலைச் சுத்தியிருக்கிற உறை எடுத்துக்கிற இடம் போக மிச்சம் அவ்வளவுதான் வரும். அக்கா ஒரு வருஷமா 200-க்குப் பணம் கட்டி, மாடியில 94-தான் வாங்கிட்டு இருந்திருக்கா.

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்

நம்ம கோடர் மக்களுக்கு 'கிட் பைசெக்ட்' தெரியும். ஆயிரம் கமிட்ல எது பக் கொண்டு வந்ததுன்னு தேட, பாதியில வெட்டிப் பார்ப்போம். வீட்டு நெட்வொர்க்கும் அதேதான். பாதியில வெட்டணும், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும். ரவுட்டரையும் கேபிளையும் ஒண்ணா மாத்திட்டு, நெட் சரியாயிட்டா, எது குற்றவாளின்னு உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அது திரும்ப வரும்.

அதுக்கு ஒரு நல்ல கேபிள் வேணும். வேலை செய்யுதுன்னு உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்ச, ஃபேக்டரியிலயே ஜாக் போட்டு வந்த ரெண்டு மீட்டர் கேபிள். எல்லா வீட்லயும் ஒண்ணு தனியா இருக்கட்டும், டார்ச் லைட் மாதிரி.

லேப்டாப்பை டாக்கோட கீழே தூக்கிட்டுப் போய் அந்தச் சின்னக் கேபிளால ரவுட்டரோட அதே போர்ட்ல போட்டேன். லிங்க் ஸ்பீடு 1000. 600 பிங்கும் வந்தது. ஆக லேப்டாப் நல்லது, டாக் நல்லது, ரவுட்டர் நல்லது, போர்ட் நல்லது. மிச்சம் இருக்கிறது ஹால்ல இருந்து மாடிக்குப் போற கிட்டத்தட்ட 30 மீட்டர் கேபிள் மட்டும்.

கண்ணால பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். ஜாக்கோட பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சிருக்கா? (கிளிப் உடைஞ்ச ஜாக் போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கும், ஆனா மேஜை ஆடினா போயிடும்.) கேபிள் கதவு இடுக்குல நசுங்குதா? கட்டில் கால் மேல நிக்குதா? எலி கடிச்சிருக்கா? மொட்டை மாடி வெயில்ல மேல் உறை வெடிச்சிருக்கா? வளைவு ரொம்ப இறுக்கமா இருக்கா? கேபிள் தடிமன்ல நாலு மடங்கு அளவுக்காவது ஆரம் இருக்கிற வளைவா இருக்கணும், அதாவது ரெண்டரை சென்டிமீட்டர் போல.

எல்லாம் சரியாவே இருந்தது.

டெஸ்டர் சொன்ன பொய்

காந்திபுரம் போய் ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கினேன். ரெண்டு துண்டா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் எட்டு விளக்கு. கேபிளோட ரெண்டு முனையையும் ரெண்டுலயும் மாட்டினா, 1-ல இருந்து 8 வரைக்கும் வரிசையா மின்னும். எந்த எண் மின்னலையோ அந்த ஒயர் அறுந்திருக்கு. வரிசை மாறினா ஒயர் இடம் மாறியிருக்கு.

மாட்டினேன். 1, 2, 3, 4, 5, 6, 7, 8. ரெண்டு பக்கமும் அழகா, வரிசையா. மறுபடி போட்டேன். மறுபடி எட்டும்.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு"ன்னு நான் தீர்ப்பு சொன்னேன். அக்கா ஒண்ணும் பேசல. அவ முகத்தைப் பார்க்க முடியல எனக்கு.

அப்பதான் அக்காவோட மாமியார், காபி கொண்டு வந்தவங்க, சொன்னாங்க: "தம்பி, நான் அன்னிக்கே சொன்னேனுங்க, யாரும் கேக்கல. நான் மோட்டார் போடுறப்பெல்லாம் இவ மேல இருந்து கத்துறா."

அன்னிக்கு நாங்க யாரும் கேக்கலைங்கிறது உண்மைதான். மோட்டாருக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிச்சிருப்போம். ஆனா இப்ப என் கையில வேற எதுவும் இல்ல. மேல பிங் ஓட விட்டுட்டு, "அத்தை, மோட்டார் போடுங்க"ன்னு குரல் கொடுத்தேன்.

டக். நாலு பிங் காணோம்.

அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி. நாலு தடவை போட்டதுல மூணு தடவை லிங்க் விழுந்து எழுந்தது. ஒரு மாசமா யாராலயும் கண்டுபிடிக்க முடியாததை அத்தை என்னிக்கோ கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. தண்ணி டேங்க் நேரமும் விபிஎன் அறுந்த நேரமும் அக்காவோட நோட்டுல அப்படியே பொருந்தினது.

முறுக்கு எதுக்கு?

இப்ப கொஞ்சம் இயற்பியல். லேன் கேபிளை உரிச்சுப் பார்த்தா, எட்டு ஒயரும் சும்மா கிடக்காது. ரெண்டு ரெண்டா முறுக்கியிருக்கும்: ஆரஞ்சும் வெள்ளை-ஆரஞ்சும், பச்சையும் வெள்ளை-பச்சையும், நீலமும் வெள்ளை-நீலமும், பிரவுனும் வெள்ளை-பிரவுனும். இந்த முறுக்கு அழகுக்கு இல்ல. தொலைபேசி லைன்ல பக்கத்து லைனோட இரைச்சல் ஏறாம இருக்க, 1881-லயே கிரஹாம் பெல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.

வேலை செய்யுற விதம் ரொம்ப எளிமை. ஒரு ஜோடியில ஒரு ஒயர்ல சிக்னல் ஏறும்போது இன்னொண்ணுல அதே அளவு இறங்கும். அந்தப் பக்கம் இருக்கிற மெஷின் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை மட்டும் படிக்கும். வெளிய இருந்து மோட்டார் மாதிரி ஒண்ணு இரைச்சல் போட்டா, ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கிறதால ரெண்டு மேலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு இரைச்சல் ஏறும். வித்தியாசம் எடுத்தா இரைச்சல் அடிபட்டுப் போகும். சிக்னல் மட்டும் மிஞ்சும்.

இது வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை: ஒரே சிக்னலை எடுத்துட்டுப் போற ரெண்டு ஒயரும் ஒண்ணா முறுக்கின ஜோடியா இருக்கணும்.

நான் ஜாக்கைக் கையில எடுத்து, வெளிச்சத்துல பிடிச்சு, முதல் தடவையா நிறத்தைப் படிச்சேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். அழகான வரிசை. ஜோடி ஜோடியா. ரெண்டு முனையும் ஒரே மாதிரி.

அதுதான் தப்பு.

நம்ம ஊர்ல பரவலாப் போடுற 568-பி முறை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவுல பிரிஞ்சு 3-லயும் 6-லயும் நிக்கும், அதுக்குள்ள நீல ஜோடி 4, 5-ல உட்காரும். பார்க்க விசித்திரமா இருக்கும். காரணம் பழைய டெலிபோன். போன் லைன் ஜாக்கோட நடு ரெண்டு பின்னைப் பயன்படுத்தும். அதோட ஒத்துப் போக நடு ரெண்டையும் ஒரு ஜோடிக்கு விட்டுட்டு, அடுத்த ஜோடியை அதுக்கு ரெண்டு பக்கமும் பிரிச்சு வெச்சாங்க.

அக்கா வீட்டு கேபிள்ல 3-வது பின்ல வெள்ளை-பச்சை, 6-வது பின்ல நீலம். இந்த ரெண்டும் ஒரு சிக்னலைச் சுமக்குது, ஆனா ஒண்ணோட ஒண்ணு முறுக்கினதே இல்ல. ஒவ்வொண்ணும் வேற ஒயரோட கல்யாணம் ஆகியிருக்கு. இரைச்சல் ரெண்டு மேலயும் ஒரே மாதிரி ஏறாது, அதனால அடிபடாது. இதுக்கு 'ஸ்பிளிட் பேர்'னு பேர், அதாவது பிரிந்த ஜோடி. ரெண்டு மீட்டர் கேபிள்ல இப்படிப் போட்டாலும் ஓடிடலாம். 30 மீட்டர்ல, மோட்டார் லைன் போற பைப்புக்குப் பக்கத்துலயே போனா, இப்படித்தான் விழுந்து எழும்.

டெஸ்டர் ஏன் இதைப் பிடிக்கல? அது கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இந்த முனையில இருக்கிற 3, அந்த முனையில 3-ஆ?" ஆமா, 3-தான். எது எதோட முறுக்கியிருக்குன்னு அது கேட்கவே இல்ல. விலை அதிகமான டெஸ்டர்கள் ஒரு ஜோடியில இருந்து இன்னொரு ஜோடிக்குக் கசியுற சிக்னலை அளக்கும், அதுல மாட்டும். நம்மகிட்ட அதைவிட மலிவான கருவி இருக்கு. ரெண்டு கண்ணு.

சரி பண்ணது

கேபிளை அன்னிக்குப் போட்ட எலக்ட்ரீஷியன் அண்ணாவையே கூப்பிட்டோம். கிரிம்பிங் டூல் அவர்கிட்டதான் இருக்கு. நான் நிற வரிசையைக் காட்டினதும் கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்னுதானுங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. டெஸ்டர்லயும் எட்டும் எரியுமே?"

அதே டெஸ்டரை நம்பி அதே தீர்ப்பை நானும்தான் சொன்னேன், அதுவும் டிகிரியோட. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அவர் செஞ்சதை வரிசையா சொல்றேன், நீங்களும் செய்யலாம்.

ரெண்டு முனையிலயும் பழைய ஜாக்கை வெட்டி எறியுங்க. கழட்டித் திரும்பப் போட முடியாது. மேல் உறையை மூணு சென்டிமீட்டர் உரிங்க, உள் ஒயர்ல கீறல் விழாம.

முறுக்கைப் பிரிச்சு நிற வரிசைப்படி அடுக்குங்க. அப்புறம் நுனியை நேரா வெட்டி, முறுக்கு பிரிஞ்ச நீளம் 13 மில்லிமீட்டருக்கு மேல இல்லாம பார்த்துக்கோங்க. நிறையப் பேர் தோத்துப் போறது இங்கதான். மூணு நாலு சென்டிமீட்டருக்கு முறுக்கைப் பிரிச்சே விட்டுடுவாங்க.

ஜாக்கைப் பிடிக்கிற விதம்: கிளிப் கீழே, தங்க நிறப் பின்கள் மேலே, கேபிள் உங்க பக்கம் இருந்து உள்ளே போகணும். அப்ப இடது ஓரம் 1, அங்க வெள்ளை-ஆரஞ்சு. எட்டு ஒயரும் ஜாக்கோட கடைசி வரைக்கும் போய் முட்டணும். மேல் உறையும் ஜாக்குக்குள்ள கொஞ்சம் போகணும், அப்பதான் இழுத்தா ஒயர் மேல பாரம் விழாது. பிறகு டூலால ஒரே அழுத்து.

ரெண்டு முனையும் முடிஞ்சதும் மேல போய்ப் பார்த்தேன். லிங்க் ஸ்பீடு 1000. பிங் ஓட விட்டேன். "அத்தை, மோட்டார்!" ஒண்ணும் ஆகல. அணைக்கச் சொன்னேன், போடச் சொன்னேன், அஞ்சு தடவை. "தம்பி, டேங்க் நிரம்பி வழியுதுங்க!" 600-ல 600.

மறுநாள் அந்த அண்ணா கேபிளை மோட்டார் லைன்ல இருந்து விலக்கித் தனி பைப்ல போட்டுக் கொடுத்தார். அது வேகத்துக்காக மட்டும் இல்ல. கரண்ட் ஒயரோட லேன் கேபிளை ஒரே பைப்ல ஓட்டுறது ஆபத்து. உறை எங்கயாவது உரிஞ்சா 230 வோல்ட் உங்க லேப்டாப் வரைக்கும் வர வழி கிடைச்சிடும். ரெண்டும் சந்திக்கத்தான் வேணும்னா, பக்கத்துலயே நீளமா ஓடாம, ப்ளஸ் குறி மாதிரி குறுக்க வெட்டிட்டுப் போகட்டும்.

கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் அண்ணா நிற வரிசையை போன்ல போட்டோ எடுத்துக்கிட்டார். "இன்னும் நாலஞ்சு வீட்ல இப்படித்தானுங்க போட்டிருக்கேன். போய் மாத்திக் கொடுத்துடறேன்"னார்.

உங்க வீட்ல இது இல்லன்னா

எல்லா வீட்லயும் பிரிந்த ஜோடி இருக்காது. அடிக்கடி வர்ற இன்னும் நாலு விஷயம்.

ஒண்ணு, மலிவு கேபிள். செம்பு முலாம் பூசின அலுமினியக் கேபிள் கடையில சாதாரணமாக் கிடைக்கும். ஒயரை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளி நிறம் தெரியும். அலுமினியம் செம்பு அளவுக்கு மின்சாரம் கடத்தாது, ரெண்டு தடவை வளைச்சா ஒடியும். சுவத்துக்குள்ள போற கேபிளுக்கு 'முழுச் செம்பு'ன்னு கேட்டு வாங்குங்க. வகை கேட்-5இ போதும், 100 மீட்டர் வரைக்கும் 1000 எம்பிபிஎஸ் தாங்கும். புதுசா போடுறீங்கன்னா கேட்-6 போடுங்க.

ரெண்டு, லூப். ஸ்விட்ச்ல தொங்கிட்டு இருக்கிற கேபிளை யாராவது சுத்தம் பண்ணும்போது, ரெண்டு முனையையும் அதே ஸ்விட்ச்ல சொருகிடுவாங்க. தகவல் சுத்திச் சுத்தி வந்து மொத்த வீட்டு நெட்வொர்க்கும் படுத்துடும். எல்லா விளக்கும் ஒரே நேரத்துல வெறி பிடிச்ச மாதிரி மின்னினா, முதல்ல இதைப் பாருங்க.

மூணு, மாடியில ரெண்டாவதா வெச்ச பழைய ரவுட்டர். அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பிச்சா ரெண்டு பேர் ஒரே தெருவுக்கு டோர் நம்பர் எழுதுற கதைதான். ரெண்டாவது ரவுட்டர்ல டிஹெச்சிபி-யை அணைச்சு, அதுக்கும் முதல் ரவுட்டர்ல இல்லாத ஒரு தனி ஐபி கொடுத்து, கேபிளை அதோட லேன் போர்ட்ல போடுங்க.

நாலு, மழை. மொட்டை மாடி வழியா போற சாதாரணக் கேபிள் வெயில்ல வெடிச்சு, ஐப்பசி மழையில தண்ணி குடிக்கும். வெளிய போறதுக்குன்னு தனிக் கேபிள் இருக்கு. இடி மின்னல் நேரத்துல, மாடி வழியா வர்ற கேபிளைக் கழட்டி வைக்கிறது போர்ட்டையும் லேப்டாப்பையும் காப்பாத்தும். ஆனா இடி இடிக்க ஆரம்பிச்ச பிறகு போய் கழட்டாதீங்க, முன்னாடியே கழட்டிடுங்க.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க

1. ஃபைபர் பாக்ஸ் விளக்கு: சிவப்புன்னா கம்பெனிக்கு போன்.
2. ரவுட்டருக்கும் 8.8.8.8-க்கும் பத்து நிமிஷம் பிங்: உள்ளேயா வெளியேயா?
3. லிங்க் ஸ்பீடு 1000-ஆ, 100-ஆ?
4. உறுதியான சின்னக் கேபிளால ரவுட்டர் பக்கத்துலயே சோதனை. ஒரு நேரத்துல ஒரு மாற்றம்.
5. கிளிப், நசுங்கல், வளைவு, எலி, வெயில்.
6. டெஸ்டர் எட்டு காட்டினாலும், ஜாக் நிறத்தைப் படிங்க. 3-லயும் 6-லயும் பச்சை ஜோடி.
7. எப்பப்ப போகுதுன்னு நேரம் குறிச்சு வைங்க. வீட்ல இருக்கிறவங்களைக் கேளுங்க.

ஏழாவது எனக்கு நானே சொல்லிக்கிறது. அந்த வீட்ல விடை தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் மூணு தடவை வந்துட்டுப் போன நெட் கம்பெனி அண்ணா. இன்னொருத்தர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துல நின்ன அத்தை. ரெண்டு பேர் சொன்னதையும் காதுல வாங்கியிருந்தா, புது ரவுட்டரும் வேண்டாம், அக்காவுக்கு ஒரு மாசத் தூக்கமும் போயிருக்காது.

மாசக் கடைசி வந்தது. அக்காவோட கனெக்ஷன் லாக்ல அந்த வாரம் ஒரு அறுப்பு கூட இல்ல. அவ இன்னும் அதே மாடி ரூம்லதான் வேலை பார்க்கிறா, பாப்பா பக்கத்துல விளையாடுறா. நெட் கம்பெனி அண்ணாவுக்கு நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "பரவாயில்ல சார், எல்லாரும் அதான் சொல்வாங்க"ன்னார். அது மன்னிச்சதா, குத்தினதான்னு இன்னும் எனக்குப் புரியல.

இந்த வார இறுதியில ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி உங்க வீட்டு ஜாக்ல நிற வரிசையைப் பாருங்க. என்ன இருந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.